ரசம் தளும்பாமல்

வேனின் பின்புறம் மூன்று பாத்திரம்.
சோறு அசையாது.
கூட்டு, சொன்ன பேச்சு கேட்கும்.
ரசம்தான் வம்பு.
மூடியைக் கயிறு போட்டு இறுக்கி
விளிம்பில் ஈரத்துண்டு சுற்றி
பத்தே காலுக்குத் தேக்காவை விட்டுக் கிளம்புகிறேன்.
பாசிர் பாஞ்சாங் கிடங்கில்
நூற்றிருபது பேர்
பன்னிரண்டுக்குக் கை கழுவி நிற்பார்கள்.

எனக்கு மூன்றாம் முறைதான் உரிமம் கிடைத்தது.
இரண்டாம் முறை தோற்ற தாளில்
தேர்வாளர் சின்ன எழுத்தில் எழுதியிருந்தார்:
கிளட்சை முன்கூட்டியே மிதிக்கிறார்.
உண்மை.
சிவப்பு விளக்கு தூரத்தில் தெரிந்தாலே
என் இடது கால் பதறும்.
மிதித்ததும் இன்ஜின் கையை விட்டுவிடும்,
சக்கரம் தன் பாட்டுக்கு உருளும்,
நிற்கிறோம் என்று நான் நினைத்துக்கொண்டிருப்பேன்.

சனிக்கிழமை ஓட்டுவது கதிரேசன்.
நாலு, மூணு, இரண்டு, ஒண்ணு என்று
படி இறங்குவதைப் போல் கியரைக் குறைத்து வருவார்.
ஒவ்வொரு படியிலும் வண்டி ஒரு தும்மல்.
"பிரேக்கைத் தொடாமலே நிறுத்தினேன் பார்!"
திரும்பிப் பார்ப்பேன்.
துண்டு மஞ்சளாகியிருக்கும்.

சின் மிங்கில் பட்டறை வைத்திருக்கும் லியோங்
இந்த வழக்கை இரண்டே வரியில் முடித்தார்.
பிரேக் பேட் அறுபது வெள்ளி.
கிளட்ச் எழுநூறு வெள்ளி.
எதைத் தேய்க்க உனக்கு ஆசை?
கதிரேசன் அன்று முழுக்கப் பேசவில்லை.

ஆனால் லியோங்
ரசத்தோடு சவுத் புவனா விஸ்டா இறங்கியதில்லை.
விரைவுச்சாலை நெரிசலென்றால் அதுதான் என் வழி,
வளைவு முடிந்தால் வளைவு,
மழை வேறு.
அங்கே பிரேக்கை மட்டும் நம்பினால்
பாதி மலையிலேயே கருகல் வாடை வரும்.
உச்சியிலேயே இரண்டாம் கியர்.
இன்ஜின் பல்லைக் கடித்துக்கொண்டு முனகும்,
முனகட்டும்.
அது முனகும்வரை
வண்டி என் கையில் இருக்கிறது.

அடிவாரத்து விளக்கில் மிச்ச வேலை.
முதலில் பிரேக், கொஞ்சம் தாராளமாகவே.
பிறகு தளர்த்தி, இன்னும் தளர்த்தி,
வண்டி உடம்பு நடுங்கத் தொடங்கும்போது மட்டும் கிளட்ச்.
கடைசி ஒரு முழத்தில்
பிரேக்கிலிருந்து காலை அரிசி கனம் தூக்க வேண்டும்.
தூக்காவிட்டால் வண்டி தலையாட்டும்.
பின்னாலிருந்து
களக்.
அந்தச் சத்தத்தைவிடக் கறாரான தேர்வாளரை
நான் பார்த்ததில்லை.

வைகாசியில் ஒரு நாள்
உணவு விநியோகச் சைக்கிள் ஒன்று
நடைபாதையிலிருந்து நேராகச் சாலையில் இறங்கியது.
கியராவது, தளர்த்துவதாவது.
இரண்டு காலும் ஒன்றாகப் போய்
தரைவரை மிதித்தன.
கயிறு அறுந்தது.
நான் பிடித்த பிடியில்
ஸ்டீயரிங்கில் நகம் பதிந்திருந்தது.
பையனுக்கும் பம்பருக்கும் நடுவே
ஒரு தட்டு வைக்கலாம்.
ஹெல்மெட்டைச் சரிசெய்தான்,
மூக்கை உறிஞ்சினான்,
"அக்கா, மிளகு ரசமா?" என்றான்.
திட்ட வாயெடுத்தவள்
ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

கிடங்கில் அன்று ரசம் இல்லை.
ஏன் என்று யாரும் கேட்கவில்லை.
மோர் இருக்கா என்று ஒருவர் கேட்டார்.

வேனைக் கழுவி ஐந்து வாரம்.
ஏசி போட்டால் இன்னும் பூண்டு மணக்கிறது.

திரும்பும்போது பாத்திரங்கள் காலி.
எப்படி நிறுத்தினாலும் கேட்க ஆளில்லை.
இருந்தும் அந்த ஒரு முழத்தில்
கால் தானாக மேலே வருகிறது.
நியூட்ரல், கைப்பிரேக்.
செருப்பைக் கழற்றிப்
பாதம் இரண்டையும் மிதியடியில் வைக்கிறேன்.
கியர் கம்பி ஆடும் பல்லைப் போல்
இப்படியும் அப்படியும் ஆடுகிறது.
எண்பது விநாடி இருக்கலாம்.
பின்னால் ஒரு டாக்சி ஹார்ன் அடிக்கிறது,
விளக்கு எப்போதோ பச்சை.
செருப்பில் ஒன்றைக் காணவில்லை.